நாலில் ஒரு சோம்பேறி

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி எழுதுவது. நான் சுகம், உன் மாப்பிள்ளை சுகம், சிவப்பிக்குத்தான் உடம்பு சரியில்லை. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணியின் முழங்கால் எப்படி?

போன வாரத்திலிருந்து சிவப்பி மிஸ் அடிக்கிறாள். நன்றாகப் போய்க்கொண்டிருப்பவள் விக்கல் வந்த மாதிரி இரண்டு தடவை குலுங்குகிறாள். அப்புறம் ஒன்றும் தெரியாதவள் போலப் போகிறாள். காயலான் கடைக்குப் போக இருந்த ஸ்போர்ட்ஸ் காரை இழுத்து வந்து, மூன்று வருஷம் சிரமப்பட்டு நாம் இரண்டு பேரும் உயிர் கொடுத்தோம். அந்த நன்றி கொஞ்சமாவது இருக்கிறதா பார்.

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் சுற்றத்தான் எனக்குத் தெரியும். எஞ்சின் உன் ராஜ்ஜியம். அதனால் ஒரு யோசனை. சனிக்கிழமை நாலு மணிக்கு உன் பஸ் டிப்போ ஆபீஸ் போன் பக்கத்தில் இரு. நான் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ரிசீவரை பானெட்டுக்குள் நீட்டுகிறேன். நீ கேட்டுச் சொல். ஸ்குரூடிரைவர் முனையை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக்கொண்டு, "மூணாவது சரியில்ல" என்பாயே, அந்த மாதிரி. இந்தத் தெருவில் இன்னும் உன்னைக் காதுக்காரர் என்றுதான் விசாரிக்கிறார்கள்.

இன்னொரு சேதி. என் கடைக்குப் பக்கத்து ஷெட் காலியாகிவிட்டது. இந்த வருஷம் டிப்போ வேலையை விட்டுவிட்டு வருகிறேன், சேர்ந்து பட்டறை போடலாம் என்று நீ சொன்னதை நம்பி ஷெட்காரரிடம் பேசிவிட்டேன். ஆகஸ்ட் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாராம். எனக்கு இப்போதே கை பரபரக்கிறது. வாசலில் ஒரு பெரிய மணி வைக்கப்போகிறேன். பின்பக்கம் வேலை செய்தாலும் ஆள் வந்தது கேட்க வேண்டுமில்லையா? வருவாய்தானே?

எல்லோருடைய நலத்துக்கும் பதில் எதிர்பார்த்து,
தங்கச்சி


மார்ச் 17

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே இரண்டு பேரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி போய்விட்டது, நடையில் என்னை முந்துகிறாள்.

போன் சரிப்படாது. ஆபீஸுக்குப் பக்கத்திலேயே பத்து பஸ் உறுமிக்கொண்டு நிற்கும். எழுதியே பார்ப்போம்.

நாலு பிளக்கையும் கழற்றி, முன்னிருந்து பின்னாக, வரிசை மாறாமல் ஒரு வெள்ளைத் தாளில் வை. ஒவ்வொன்றின் மூக்கும் என்ன நிறம் என்று எழுது. கறுப்பா, வெள்ளையா, காப்பிப் பொடி நிறமா? பிறகு அவற்றை மாட்டி வண்டியைச் சும்மா ஓடவிட்டு, சைலன்சர் குழாயின் வாய்க்கு நேராக ஒரு தாளைப் பிடி. தாள் எப்படித் துடிக்கிறது என்று எழுது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலையும் ஒரு பார்வை பார்.

அவசரப்பட்டு எல்லாவற்றையும் மாற்றிவைக்காதே. இரண்டை ஒன்றாக மாற்றினால் குற்றவாளி எது என்று கடைசிவரை தெரியாது. உனக்குப் பொறுமை கம்மி, அதனால் சொல்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 26

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். அண்ணியின் முழங்காலுக்கு என் வாழ்த்து.

உன் கடிதம் வருமுன் அந்த சனிக்கிழமை நான் போன் செய்தேன். உங்கள் கிளார்க் எடுத்து, "அவர் பஸ்ஸுக்கு அடியில இருக்காரும்மா, வர முடியாதாம்" என்றார். அரை மணி கழித்துக் கூப்பிட்டேன். அப்போதும் அடியில்தான் இருந்தாய். அந்த பஸ்ஸுக்கு உன்மேல் என்ன பாசமோ.

பிளக் நாலும் காப்பிப் பொடி நிறம். ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. காயில் என் சரக்கு, அதில் நீ தலையிட வேண்டாம். ஆறியிருக்கும்போது அளந்தேன், கொதிக்கும்போதும் அளந்தேன். குற்றமில்லை.

தாளை உன் மாப்பிள்ளைதான் பிடித்தார். நாளெல்லாம் தையல் மிஷினில் குனிந்திருக்கிறவரை எழுப்பி வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தாள் சீராகத்தான் துடித்தது. அவர் மட்டும், "நாலு துடிப்புல ஒண்ணு சோம்பேறியா வருது" என்றார். சிவப்பியைக் கண்டாலே அவருக்குப் பயம், கை நடுங்கியிருக்கும். அதைப் பொருட்படுத்தாதே.

ஷெட் பற்றி எழுத மறந்துவிட்டாய்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கச்சி


ஏப்ரல் 14

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்க வேண்டும். பதில் தாமதம், கோபிக்காதே.

பிளக் நாலும் நல்ல நிறமென்றால் பெட்ரோல் ஒழுங்காகப் போகிறது. காயில் விஷயத்தில் உன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. இனி எப்போது மிஸ் அடிக்கிறாள் என்பதை மட்டும் பார். மேட்டிலா, சமதரையிலா? எந்த கியரில்? மிஸ் அடிக்கும் அந்த நொடியில் உன் வலது பாதம் எவ்வளவு அழுத்திக்கொண்டிருந்தது? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

நான் இப்போது ஸ்டோருக்கு மாறிவிட்டேன். போல்ட், நட், வாஷர். நிழலில் உட்கார்ந்த வேலை. சுகமாக இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்

அண்ணி எழுதுவது: நலமா கண்ணு? இவர் நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். நீ ஒரு தடவை நேரில் வந்தால் நன்றாக இருக்கும். இதற்குமேல் எழுத இடமில்லை.


ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அண்ணி இடமில்லை என்று எழுதியிருந்தார். அவர் எழுதியதற்குக் கீழே பாதித் தாள் வெள்ளையாக இருந்தது. கேட்டு எழுது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாலு நாள் பாதத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டியதில் எதிரில் வந்த பால்காரர் இரண்டு தடவை திட்டினார். ஆனால் கண்டுபிடித்துவிட்டேன். மேட்டில் ஏறும்போது, பாதம் முழுதாக அமுங்கியிருக்கும்போது, ஒரு விக்கல் கிடையாது. சும்மா நிற்கும்போதும் கிடையாது. சமதரையில் பாதம் லேசாகப் பட்டும் படாமலும், நிம்மதியாகப் போகும்போதுதான் வருகிறது. சுமை தூக்கும்போது சும்மா இருந்துவிட்டு, சும்மா போகும்போது விக்குகிறாள். இப்படி ஒரு நோய் உண்டா? எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு தண்ணீர் மோட்டாருக்குச் சுற்று எண்ணிக்கொண்டிருந்தவள் நடுவில் இதை யோசித்து, எண்ணிக்கையை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சுற்றினேன்.

இன்னொன்றும் புரியவில்லை. டிப்போவிலேயே நல்ல காது உன்னுடையது. அதை ஸ்டோரில் உட்காரவைத்து வாஷர் எடுத்துக் கொடுக்கச் சொன்ன புத்திசாலி யார்?

ஷெட்காரர் விசாரித்தார். என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
தங்கச்சி


மே 1

சிடுமூஞ்சி,

நலம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை ஸ்டோரிலேயே மூன்று தடவை படித்தேன். பலே!

லேசாக மிதிக்கும்போது எஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாக, நாலு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பும், ஸ்பார்க் சற்று முன்னதாக வர. முழுதாக மிதித்தால் உறிஞ்சல் போய்விடும், தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இப்போது உன் விக்கலை இதோடு பொருத்திப் பார். தட்டு திரும்பும்போது மட்டும் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது!

அந்த ரப்பர் குழாயைக் கழற்றி, எஞ்சின் பக்கத்து வாயை அடைத்துவிட்டு ஓட்டு. விக்கல் நின்றால் எஞ்சின் நிரபராதி.

ஒன்று மட்டும் யோசனையாக இருக்கிறது. தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்போடு இணைக்க விரல் நீளத்தில் ஒரு ஒயர் உண்டு. நான் போட்டது நூல் மாதிரி வளையும் ஒயர், லேசில் போகாது. அதை யாராவது மாற்றினார்களா?

உடனே எழுது. மாப்பிள்ளைக்கு அன்பு.

அண்ணன்


ஜூன் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். ஒன்றரை மாதம் எழுதாததற்குக் காரணம் உடம்பில்லை, மனசு.

உன் கடிதம் வந்த அன்றே குழாயைக் கழற்றி ஓட்டினேன். ஒரு விக்கல் இல்லை. வீட்டுக்கு வந்து கை கழுவாமல்கூட எழுத உட்கார்ந்தேன். உன் கடைசிக் கேள்வியை மறுபடி படித்தேன், பேனாவை மூடிவிட்டேன்.

மாற்றியது நான்தான் அண்ணா. போன வருஷம் டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைக்கத் திறந்தபோது உன் ஒயரின் துணி கொஞ்சம் பிய்ந்திருந்தது. என் கடையில் இல்லாத கம்பியா என்று, இருப்பதிலேயே நல்ல ஒற்றைக் கம்பியாக எடுத்து, கனமாக, உறை போட்டு வைத்தேன். உன் ஒயரைவிட ஆயிரம் மடங்கு உசத்தி என்று நினைத்தேன். என் தொழிலில் கம்பியை ஒரு இடத்தில் வைத்துவிட்டால் அது ஆயுசுக்கும் அசையாது. வார்னிஷ் ஊற்றி உட்காரவைத்துவிடுவோம். நாளெல்லாம் வளைந்து நிமிர வேண்டிய கம்பியை நான் தொட்டதே இல்லை. இப்போது கழற்றிப் பார்த்தால் உறை முழுசாக இருக்கிறது, உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. கையில் பிடித்து மடக்கும்போதுதான் தெரிகிறது.

சொன்னால் சிவப்பி சாவியைத் திருப்பிக் கேட்பாய் என்று பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது. சரி, சொல்லிவிட்டேன்.

இப்போது உன் முறை. நீ சொல்லித்தந்த மாதிரியே உன் கடிதங்களை பிளக் போல வரிசையாக மேஜையில் வைத்துப் பார்த்தேன். நிறம் கேட்டிருக்கிறாய். தாள் எப்படித் துடிக்கிறது என்று கேட்டிருக்கிறாய். பாதம் எங்கே இருந்தது என்று கேட்டிருக்கிறாய். ஊரே காதுக்காரர் என்று கூப்பிடும் மனிதர் ஒரு தடவைகூட "என்ன சத்தம் வருது?" என்று கேட்கவில்லை. போனுக்கும் வரவில்லை. ஸ்டோருக்குப் போய்விட்டாய். அண்ணிக்குப் பாதித் தாள் போதவில்லை.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் நன்றாகத் திட்டி எழுது. அந்தத் திட்டுக்காகக் காத்திருக்கிறேன்.

தங்கச்சி


ஜூலை 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

திட்ட முடியவில்லை. நீ நினைத்தது சரி.

வலது காது போய் இரண்டு வருஷம். இடது காது இந்த ஜனவரியோடு போய்விட்டது. டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார், இனி திரும்பாது என்று. அண்ணி பேசும்போது உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்கிறேன். மீதிப் பாதிக்கு இரண்டு பேருக்கும் சண்டை வருகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், அவளைக் கோபிக்காதே.

மார்ச்சில் ஒரு டிரைவர் எஞ்சினில் தட்டும் சத்தம் வருகிறது என்று பஸ்ஸைக் கொண்டுவந்தார். காது போனது தெரிந்தும், பழக்கத்தில் ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, "ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போ" என்றேன். பாதி வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நாற்பது பேர் வெயிலில் நின்றார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அந்த பஸ்ஸை இழுத்து வந்தபோது டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நானே கேட்டு ஸ்டோருக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை.

உன் ஒயர் கதையை அண்ணியிடம் சொன்னேன். பல மாதம் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். இத்துடன் சரியான ஒயர் வைத்திருக்கிறேன், மயிரிழை மாதிரி நூறு இழை உள்ளது. இரண்டு முனையும் பற்றவைத்துவிட்டேன், மாட்டினால் போதும்.

ஷெட்டை விட்டுவிடு. காது போன காதுக்காரரை வைத்துக்கொண்டு நீ என்ன பட்டறை நடத்துவாய்? வேறு நல்ல மெக்கானிக்கைப் பார். எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் பொய். வருத்தம்தான்.

அண்ணன்


ஜூலை 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கடையைத் திறக்கவில்லை. அழுதேன். இத்தனை மாதம் ஒரு வரி எழுதாமல் விட்டாயே என்ற கோபம் அழுகையைவிடப் பெரிசாக இருந்தது. இப்போது இரண்டும் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

ஒயரை மாட்டிவிட்டேன். சிவப்பி மெதுவாகவும் போகிறாள், பறக்கவும் செய்கிறாள்.

ஒன்று கேட்கிறேன். இந்த நாலு மாதம் சிவப்பிக்கு வைத்தியம் பார்த்தது யார்? ஒரு சத்தம் கேட்காமல், வண்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், விரல் நீள ஒயர்வரை வந்து சேர்ந்த ஆள் யார்? காது நன்றாக இருக்கிற நான் அந்த வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டு பால்காரரிடம் திட்டு வாங்கினேன். ஷெட்டை விட மாட்டேன்.

ஆகஸ்ட் 9 ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மாப்பிள்ளை வரவில்லை. பக்கத்து சீட் காலியாக வருகிறது. பதினோரு மணிக்கு வாசலில் நில். ஹார்ன் அடித்துப் பிரயோஜனமில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

அண்ணியிடம் நிறைய இடம் வைத்துப் பேசச் சொல்.

தங்கச்சி


ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். காலியாகக் கொண்டுவந்த சீட்டைக் காலியாகவே திருப்பிக் கொண்டுபோனதில் எனக்கு மனசு சரியில்லை. "யோசிக்கணும்" என்றாய். யோசி. ஆனால் நான் பார்த்ததை நீ பார்த்திருக்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

எஞ்சினை அணைக்கப் போனவளைக் கை காட்டி நிறுத்தினாய். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. நேராகப் பின்னால் போய்க் குனிந்து, சைலன்சர் வாய்க்கு ஒரு ஜாண் தள்ளி உள்ளங்கையைப் பிடித்தாய். கண்ணை மூடிக்கொண்டாய். என் காதுக்கு எஞ்சின் தேன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. உன் நெற்றி மட்டும் சுருங்கியது. அப்புறம் முன்னால் வந்து, ஒரு கையை மட்கார்டில் வைத்து, அதிர்வு மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினாய். "ரெண்டாவது" என்றாய். உனக்கே தெரியாது, எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னாய்.

எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து மேல் மூடியைக் கழற்றினோம். இரண்டாவது சிலிண்டரின் வால்வுக்கு மேலே, மெல்லிய அளவுத் தகடு நுழைய வேண்டிய இடத்தில் இடைவெளியே இல்லை. என் காதுக்கு இது ஏன் கேட்கவில்லை என்று தாளில் எழுதிக் கேட்டேன். நீ சொன்னாய்: "லூசா இருக்கிற வால்வு சத்தம் போட்டு ஊரைக் கூட்டும், அதால ஆபத்தில்ல. டைட்டா இருக்கிறது சத்தமே போடாது. அதுதான் உள்ளயே எரிஞ்சு போகும்."

அதைச் சொல்லிவிட்டு இடைவெளியைச் சரிசெய்தாய், அப்புறமும் சுத்தமான தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். அண்ணி உள்ளே போய்விட்டார். என்னாலும் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஷெட்காரரிடம் முப்பத்தொன்றாம் தேதி பதில் சொல்ல வேண்டும். இதற்குமேல் நான் கேட்க மாட்டேன்.

தங்கச்சி


ஆகஸ்ட் 20

அன்புள்ள சிடுமூஞ்சிக்கு,

நலம். அண்ணி இப்போது என்னிடம் பேசவேண்டியதை எல்லாம் எழுதுகிறாள். நாலு நாளில் ஒரு நோட்டு தீர்ந்தது. இவ்வளவு பேசுவாள் என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

நீ போன பிறகு உன் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நாலு துடிப்பில் ஒன்று சோம்பேறி என்று மாப்பிள்ளை அன்றைக்கே சொல்லியிருக்கிறார். நீ பொருட்படுத்தாதே என்றாய், நானும் விட்டுவிட்டேன். அவர் கை நடுங்கவில்லை. என் சார்பில் மன்னிப்புக் கேள், உன் சார்பிலும் கேள்.

இதைத்தான் பத்து நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். காது நன்றாக இருந்த காலமாக இருந்தால், அன்றைக்கு நீ வந்து நின்றதும் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "அருமையா ஓடுது" என்று பானெட்டை மூடியிருப்பேன். அந்த வால்வு எரிந்துபோயிருக்கும்.

வேலையை விடுவதாக டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குமேல் வந்து என்னையும், அதற்கடுத்த வாரம் அண்ணியையும் அழைத்துப் போ. இரண்டு சீட் வண்டியை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வது?

ஷெட் வாசலில் மணி வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். மணி வேண்டாம். வருகிறவர் வாசலில் அழுத்தும் சுவிட்சுக்கு ஒரு விளக்கு வை. உள்ளே எந்த மூலையில் குனிந்திருந்தாலும் என் கண்ணில் படுகிற மாதிரி, நல்ல பெரிய விளக்காகப் பார்த்து வை.

அன்புடன்,
அண்ணன்